கான்சாபுரத்துக்கு வராத தென்னங்கன்று

ஐந்து நாள் இலங்கைச் சுற்றுலாவின் கடைசி நாள். கண்டியில் விடியும்போதே தூறல். விடுதிக் குளியலறையில் மருமகள் பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஐந்து ஜோடிச் செருப்புகளையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஊர்ல போய்க் கழுவிக்கிட்டாப் போச்சு. விடிஞ்சும் விடியாம எதுக்கும்மா இந்த வேலை?” என்றார் மாமியார்.

“கைடு தம்பி நேத்து சொன்னாருல்ல அத்தை. செருப்புல ஒட்டுன மண்ணோட ஊருக்குப் போகக் கூடாதாம். மண்ணோட பூஞ்சாணம், நூற்புழு எல்லாம் சேர்ந்து வந்துருமாம்.”

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். மனதுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் வரப்பை ஒட்டி வெட்டிப் போட்ட 18 குழிகள் சும்மா கிடக்கின்றன. அதில் ஒரு குழியிலாவது இந்த நாட்டுச் செவ்விளநீர்க் கன்றை வைத்துவிட வேண்டும். நான்கு நாளாக வண்டி போன பாதையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் குலை குலையாகத் தொங்கியதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியாகிவிட்டது. இன்றைக்கு விட்டால் இனி எப்போது?

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம்தான் இந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர். கான்சாகிப் என்ற மருதநாயகத்தின் பெயரால் வந்த ஊர் என்று சொல்வார்கள். மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல், தென்னை, கொஞ்சம் மா. பக்கத்தில் இருக்கும் கூமாப்பட்டியை 2025-ல் செல்போன் வீடியோவில் பார்த்துவிட்டு, எங்கெங்கிருந்தோ கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். “நம்ம ஊரைப் பார்க்க ஊர் உலகமே வருது. நாம திருச்செந்தூரைத் தாண்டி எங்க போயிருக்கோம்?” என்று பெரியவரின் மனைவி கேட்டுவைத்தார். ராஜபாளையத்தில் நூற்பாலை வேலையில் இருக்கும் மகன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடக் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் பெரியவர், மனைவி, மகன், மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என்று ஐந்து பேரும் மதுரையில் விமானம் ஏறிவிட்டார்கள். மதுரைக்கும் கொழும்புக்கும் வானத்தில் ஒரு மணி நேரம்தான். கான்சாபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் போகத்தான் அதைவிடக் கூடுதல் நேரமாகிறது.

பேராதனையில் ஒரு மணி நேரம்

பிற்பகல் விமானம் என்பதால் காலை 7 மணிக்கே வண்டி புறப்பட்டது. கண்டியை விட்டு வெளியே வந்ததும் பேராதனை தாவரவியல் பூங்கா. 1821-ல் தொடங்கப்பட்டது. 147 ஏக்கர். மகாவலி கங்கை மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. சுற்றுலாக் குழுவில் பாதிப் பேர் ஆர்க்கிட் பூக்களைப் படம் எடுக்கப் போய்விட, பெரியவர் இரட்டைத் தேங்காய் மரத்தடியில் நின்றுவிட்டார். சீஷெல்ஸ் தீவுகளில் பிறந்த மரம் அது. ஒரு காய் முற்ற ஆறேழு வருடமாகும். உலகத்திலேயே கனமான விதை அதுதான், 20 கிலோவுக்குக் குறையாமல்கூட இருக்கும். “இது நம்ம தோப்புல விழுந்தா தலை இருக்காது” என்று அவர் சொன்னதும், பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

வழிகாட்டி மலையகத்துத் தமிழர். ஹட்டன் பக்கத்தில் பிறந்து, இப்போது நீர்கொழும்பு பக்கம் குடியிருக்கிறார். ஐந்து நாளில் குடும்பத்தோடு நன்றாக ஒட்டிவிட்டார்.

“ஐயா, இந்த மலை முழுக்க ஒரு காலத்துல தேயிலை கிடையாது. கோப்பிதான்” என்று அவர் ஆரம்பித்தார். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து ஆட்கள் முதலில் போனது அந்தக் காப்பித் தோட்டங்களுக்குத்தான். பெரியவருக்கும் இது புதிதல்ல. அவருடைய பாட்டியின் அண்ணன் ‘கண்டிச் சீமைக்கு’ போனவர், திரும்பி வரவேயில்லை.

காப்பிக்கு என்ன ஆனது? 1869-ல் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடியாக ஒரு நோய் தெரிந்தது. பேராதனைப் பூங்காவுக்கு அப்போது பொறுப்பாக இருந்த துவைட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பூஞ்சாண அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைக்க முடிந்ததே தவிர, நிறுத்த முடியவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் இருந்த காப்பி, 1890-களில் பேருக்குத்தான் மிச்சம். தோட்டத்துரைகளில் பலர் கடனாளியாகிக் கப்பல் ஏறினார்கள். கூலிக்கு வந்தவர்கள் பாடு அதைவிட மோசம். மிஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். காப்பியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடிதான், அந்த இலைத்துரு நோய்க்கும் பூர்விகம் ஆப்பிரிக்காதான்.

“அப்போ வெளிநாட்டுச் செடியே வரக் கூடாதுங்கிறியா தம்பி? மிளகாய், பப்பாளி, மரவள்ளி, முந்திரி எல்லாம் நம்ம நாட்டுச் சரக்கா?” என்று பெரியவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. இதே இலங்கையில் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொட பூங்காவுக்கு 1876-ல் பிரேசில் ரப்பர் கன்றுகள் லண்டன் வழியாக வந்து சேர்ந்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துக் கன்றுகள்தான் முன்னோர். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “வரக் கூடாதுனு சொல்லலை ஐயா. எப்படி வருதுங்கிறதுதான் விஷயம்” என்று மட்டும் சொல்லி வண்டியில் ஏற்றினார். பெரியவர் மனதில் இருப்பது அவருக்கு அப்போது தெரியாது.

முண்டாசுத் துண்டில் முடிந்த காய்

கடுகண்ணாவ கணவாயைத் தாண்டினால் மலை சட்டென்று இறங்கி, ஈரப்பதமான சமவெளி வருகிறது. மாவனல்ல, கேகாலை, அம்பேபுஸ்ஸ என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருகின்றன. தோப்பு எது, வீடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டைச் சுற்றி தென்னை, தென்னையில் மிளகுக் கொடி, கீழே வாழை, அன்னாசி, வெற்றிலை, வேலியோரம் கிளைரிசிடியா. அதன் தழையை வெட்டித் தென்னை மூட்டில் போட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே நீளமாகக் குழி எடுத்து, தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்து போனதால் பெரியவர் நன்றாகவே பார்த்தார். உட்குழிந்த பக்கம் மேலே பார்க்க மட்டையை வைத்து, ஓர் அடுக்கு மட்டை, மேலே கொஞ்சம் மண், மறுபடி மட்டை. மழை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். இது நம் ஊரிலும் சொல்லிக்கொடுக்கப்படும் முறைதான். செய்வதுதான் இல்லை. கான்சாபுரத்தில் மட்டையைக் கயிறு ஆலைக்காரருக்கு விற்றுவிடுகிறோம், அல்லது அடுப்புக்குப் போகிறது.

வரகாபொலவுக்கு முன்னால் ஒரு சாலையோரக் கடையில் வண்டி நின்றது. ஆரஞ்சு நிறச் செவ்விளநீரை இங்கே ‘தம்பிலி’ என்கிறார்கள். குடிக்க மட்டும்தான், கொப்பரைக்கு யாரும் வளர்ப்பதில்லை. கடைக்காரப் பெண் சீவிக் கொடுத்த இளநீரை வாங்கிக் குடித்த பெரியவர், கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். இனிப்பு நாக்கிலேயே நின்றது.

குழு முழுக்க இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கடைக்குப் பின்னால் போனார். சுவரோரம் நாலைந்து முளைவிட்ட தம்பிலிக் காய்கள். முழ உயரத்துக்கு இலை விரியாத குருத்து. கையாலும் கண்ணாலும் பேசினார். கடைக்காரப் பெண் சிரித்தபடி ஒன்றை எடுத்து நீட்டினார், காசு வேண்டாம் என்று கையையும் ஆட்டினார். பெரியவர் விடவில்லை. இலங்கை நோட்டு ஒன்றைக் கையில் திணித்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் காயைச் சுற்றி முடிந்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார்.

பேத்தி பார்த்துவிட்டாள். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. “தாத்தா, பையில என்ன முளைச்சுக்கிட்டு நிக்குது?”

“ஒரு காயாலயா கேடு வந்துரும்?”

வழிகாட்டி பின் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். கோபமெல்லாம் இல்லை.

“ஐயா, இது சரிவராது.”

“என்ன தம்பி சரிவராது? கஞ்சாவா கடத்துறேன்? ஒரு தேங்காய். அதுவும் முளைச்ச தேங்காய்.”

“முளைச்சதுதான் ஐயா பிரச்னை.”

இந்தியாவுக்குள் விதை, கன்று, ஒட்டுக்குச்சி, கிழங்கு எது வந்தாலும் 2003-ம் ஆண்டு பயிர்த் தொற்றுத்தடை ஆணையின்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுப்பும் நாடு சோதித்துப் பார்த்துத் தாவர சுகாதாரச் சான்றிதழ் தர வேண்டும். இரண்டும் சுற்றுலா வந்தவர் கையில் இருக்க வாய்ப்பேயில்லை. இலங்கைக்கும் இதேபோல 1999-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் காயைப் பறித்து அழித்துவிடுவார்கள். வழிகாட்டி இவ்வளவையும் சொன்னார். பெரியவர் அசையவில்லை.

“சட்டம் கெடக்கட்டும். கப்பல் கப்பலா பருப்பும் மரமும் வந்து எறங்குது. அதுல வராத பூச்சியா என் ஒத்தக் காயில வந்துரும்?”

வண்டியில் இருந்த மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தார்கள். பெரியவரின் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. பெரிய துறைமுகங்களில் சரக்குக்குச் சோதனை உண்டு, புகைமூட்டம் உண்டு, கட்டுப்பாடு உண்டு. அப்படியும் சில தப்பி வருகின்றன என்பதும் உண்மை. ஆனால் பெரியவர் கையிலிருந்தது நேராகத் தோப்புக்கே போய் நிற்கப்போகும் உயிருள்ள கன்று. சாப்பாட்டுக்கு வரும் பருப்பு வெந்து போகும். கன்று வெந்து போகாது, கூட வந்ததும் சாகாது.

வழிகாட்டி தெற்கே மாத்தறை மாவட்டத்து வெலிகமவைப் பற்றிச் சொன்னார். 2006 வாக்கில் அங்கே ஒரு வாடல் நோய் தெரிந்தது. கீற்று தொய்ந்து போகும், மஞ்சள் பாரிக்கும், காய்ப்பு குறைந்துகொண்டே வரும். கேரளத்து வேர்வாடல் நோயைப்போலவே ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம். மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தை வெட்டி அழிப்பது ஒன்றுதான் வழி. மாத்தறை, காலி, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றை வெளியே எடுத்துப்போக இலங்கைக்குள்ளேயே தடை போட்டார்கள்.

“இது வரகாபொலக் காய்தானே தம்பி? வெலிகம எங்க, இது எங்க?”

“அந்தக் கடைக்கு அந்தக் காய் எங்கேயிருந்து வந்துச்சுனு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாதே ஐயா. இந்த நோய் உள்ளே இருந்தாலும் வெளியே தெரிய வருஷக்கணக்கா ஆகும்.”

ஈரியோபைட் சிலந்தியை நம் தென்னை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். காய் சிறுத்து, தோல் பழுப்பாக வெடித்து, சந்தைக்குப் போனால் வியாபாரி ஒதுக்கித் தள்ளுவாரே, அதுதான். 1997 கடைசியில் இலங்கையின் கல்பிட்டியில் தெரிந்தது. 1998-ல் கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் தெரிந்தது. பிறகு தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவியது. காயின் தொட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்தச் சிலந்தி கண்ணுக்கே தெரியாது. காற்றிலும் போகும், காயோடும் போகும்.

பெரியவர் துண்டு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போதுதான், அதுவரை வாயே திறக்காத மனைவி பேசினார்.

“நம்ம தோப்புல வெள்ளை ஈ வந்தப்ப, ராத்திரி சாப்பிடாம உக்காந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ‘எந்தப் புண்ணியவான் இதைக் கொண்டாந்து நாட்டுல விட்டானோ, அவன் தோப்பு விளங்குமா’ன்னு திட்டுனீங்க. அந்தப் புண்ணியவானும் ‘ஒத்தச் செடிதானே’ன்னுதான் நெனச்சிருப்பான்.”

அதற்குப் பிறகு வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வெள்ளை ஈ தந்த வருடங்கள்

அந்த ராத்திரிச் சாபத்துக்குக் காரணம் உண்டு. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில். மத்திய அமெரிக்காவிலிருந்து கிளம்பிய பூச்சி. செடி கொடிகளோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. சில வருடங்களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத் தோப்புகளிலும் ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் போட்டுவிட்டது. அது கழிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பு கீழ் ஓலையில் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்து, தோப்பே புகைபிடித்த அடுப்படி மாதிரி ஆனது.

பெரியவரும் எல்லோரையும்போல முதலில் கடைக்கார்ர் கொடுத்த பூச்சிமருந்தைத்தான் அடித்தார். அது ஈயைக் கொன்றதோ இல்லையோ, ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றது. பிறகுதான் வேளாண்மைத் துறையினர் சொன்ன வழிக்கு வந்தார். மஞ்சள் ஒட்டும் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுவது, ஓலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாப் பசை கலந்து தெளிப்பது, என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியின் கூட்டுப்புழு இருக்கும் ஓலைத் துண்டுகளை ஏக்கருக்கு 10 வீதம் கட்டிவிடுவது. தோப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஆனால் வயதான வரப்போர மரங்கள் 18 தேறவில்லை. ஏற்கெனவே தண்ணீர்ப் பஞ்சத்தில் தளர்ந்திருந்தவை அவை. இப்போது சும்மா கிடக்கும் 18 குழிகள் அந்த மரங்கள் நின்ற இடம்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி விவசாயிகள் கதிகலங்கிப் போனார்கள். அதைத் தீர்த்துவைத்ததும் ஒரு வெளிநாட்டுச் சரக்குதான். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-ல் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெங்களூரில் அடைத்து வைத்துச் சோதித்து, வேறு பயிருக்கோ பூச்சிக்கோ கெடுதல் இல்லை என்று உறுதி செய்த பிறகே வயலில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. பேராதனையில் பெரியவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

கட்டுநாயக்கா போகும் வழியில்

நிட்டம்புவ தாண்டி வண்டி மினுவாங்கொடப் பக்கம் திரும்பியபோது பெரியவர் துண்டை அவிழ்த்தார். காயைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “வழியில எறிய மனசு வரலை தம்பி. உங்க வீட்டுல எடம் இருக்கா?”

“இருக்கு ஐயா. கிணத்தடியில வைக்கிறேன்.”

“அடியில உப்பும் மணலும் போட்டு வைங்க. மூணு மாசத்துக்கு ரொம்பத் தண்ணி விட்றாதீங்க, அழுகிரும்.”

“உப்பா?”

“ஆமா. கரையான் வராது.”

அடுத்த பத்து கிலோமீட்டரும் தென்னங்கன்று நடும் பாடம்தான் நடந்தது. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் அணிலில் வந்து நின்றது. இங்கே மலை அணிலும் குரங்கும் மயிலும் தேங்காயையும் மற்ற பயிர்களையும் நாசம் செய்வதாகக் கூச்சல் எழுந்து, 2025 மார்ச் 15-ம் தேதி நாடு முழுக்க ஐந்து நிமிடம் ஒரே நேரத்தில் அவற்றை எண்ணினார்களாம். வழிகாட்டி செல்போனில் காட்டிய அணிலைப் பார்த்ததும் பேத்தி கத்தினாள்: “இது நம்ம ஊரு சாம்பல் அணில்!” அதேதான். உலகத்திலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் இருக்கும் அணில் அது. அதற்காக 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயமே அறிவிக்கப்பட்டது. “நீங்க எண்ணுறீங்க, நாங்க சரணாலயம் கட்டி வெச்சிருக்கோம். எளநியைக் கடிக்கிறது என்னவோ ரெண்டு ஊர்லயும்தான்” என்றார் பெரியவர். வரகாபொலவிலிருந்து கிளம்பியபின் அவர் சிரித்தது அப்போதுதான்.

விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இலங்கையின் தேசியப் பயிர்த் தொற்றுத்தடை நிலையம் கட்டுநாயக்காவிலேயே இருப்பதாக வழிகாட்டி சொன்னார். அதைக் கேட்டதும் பேத்தி தன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். பேராதனையில் மரத்தடியில் பொறுக்கிய ஆனைக்குன்றிமணி விதைகள், சிவப்புச் சிவப்பாக இருபது முப்பது. “இது நம்ம ஊர்லயும் இருக்கேம்மா?” என்று அம்மாவைக் கேட்டாள். இருந்தாலும் விதை விதைதான். வழிகாட்டியின் உள்ளங்கையில் அவற்றை எண்ணி எண்ணிப் போட்டாள்.

பொட்டலம் கட்டிய தேயிலை மூன்று பாக்கெட், பித்தளை யானை ஒன்று, கண்டிச் சேலை ஒன்று. இவ்வளவுதான் பெட்டியில் மிச்சம். மதுரையில் இறங்கி, திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகக் கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வந்து ஊர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்ன மாமா, கண்டியில இருந்து கன்னு கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனீக?”

“மட்டை கொண்டாந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் பெரியவர்.

மறுநாள் கயிறு ஆலை வண்டி வந்தபோது மட்டையைக் கொடுக்கவில்லை. தோப்பில் தென்னை வரிசைகளுக்கு நடுவே குழி எடுத்து, உட்குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பித்தது. ஆறேழு வருடத்துக்கு ஈரம் பிடித்துக் கொடுக்கும் இந்த வேலைக்கு எந்த நாட்டு அனுமதியும் வேண்டியதில்லை.

செவ்விளநீர் ஆசை இருப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. கேரளத்தின் சாவக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த ‘சாவக்காடு ஆரஞ்சு குட்டை’ ரகத்தை, காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இளநீருக்கென்றே 1991-ல் வெளியிட்டது. மூன்று, நான்கு வருடத்தில் பாளை விடும். நிறமும் இனிப்பும் தம்பிலிக்குச் சளைத்ததல்ல. காசர்கோட்டிலும், கோவை மாவட்டம் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும், உடுமலைப்பேட்டையை அடுத்த தளியில் இருக்கும் தென்னை வளர்ச்சி வாரியப் பண்ணையிலும் குட்டை ரகக் கன்றுகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டு, இருப்பைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. சுருள் வெள்ளை ஈ நெட்டை மரங்களைவிடக் குட்டை ரகங்களில்தான் கூடுதலாக உட்காருகிறது. தோப்பு முழுக்க அதையே நட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம். பெரியவரும் 18 குழிகளில் ஐந்தை மட்டும் அதற்கு ஒதுக்கினார். மற்ற 13-ம் நம் நாட்டு நெட்டை.

வெளிநாடு போகும் வாசகர்கள், திரும்பும் நாளில் பெட்டியை மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். நம் நாட்டுச் சுங்க அறிவிப்புப் படிவத்தில் விதை, செடி, பழம், பூ, நடவுப் பொருள் பற்றித் தனியாகவே கேட்டிருக்கிறார்கள். ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல். குழந்தைகளின் பென்சில் பெட்டி, பூஜைப் பை, செருப்பின் அடிப்பகுதி இந்த மூன்றையும்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. கண்டி மலைகளில் நிலச்சரிவு, களனி கங்கை பெருகிக் கொழும்பு, கம்பஹா பக்கமெல்லாம் வெள்ளம், 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கான்சாபுரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகனை விட்டு வழிகாட்டிக்கு இரண்டு நாள் விடாமல் போன் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்களாம். எல்லோரும் பத்திரம். வரகாபொலக் கடை என்ன ஆனது என்று பெரியவரின் மனைவி கேட்டார். இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்றார் அவர்.

பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கிணற்றடி, ஈர மண், மூன்று இலை விட்ட கன்று, பக்கத்தில் வழிகாட்டியின் சின்ன மகள். பேத்தி படத்தைப் பெரிதாக்கித் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.”